ஒரே மாதிரிக் காட்டினால் போதாது

டிரையத்லான் பயிற்சியில் இறங்குகிற எவருக்கும் முதல் வருடமே கிடைத்துவிடும் அறிவுரை ஒன்று உண்டு. சைக்கிளில் உள்ள பவர் மீட்டர் காட்டும் வாட் எண் உண்மையா பொய்யா என்று ஆராய வேண்டாம். பக்கத்தில் ஓட்டுபவரின் மீட்டர் வேறு எண்ணைக் காட்டினால் பொருட்படுத்த வேண்டாம். ஒரே சைக்கிளில் இரண்டு மீட்டர்களைப் பொருத்தி, இரண்டும் முரண்பட்டால்கூடக் கலங்க வேண்டாம். உங்கள் மீட்டர் நாள்தோறும் ஒரே மாதிரிக் காட்டினால் போதும். வீட்டு எடை மெஷின் எப்போதும் இரண்டு கிலோ கூட்டிக் காட்டினாலும் மூன்று கிலோ இளைத்ததை அது சரியாகத்தானே சொல்லும் என்ற உதாரணமும் கூடவே வரும். பயிற்சியாளர்கள் இதைச் சொல்கிறார்கள், விற்பவர்கள் சொல்கிறார்கள், அனுபவமுள்ள வீரர்கள் புதியவர்களுக்குச் சொல்கிறார்கள். நீண்டதூர டிரையத்லான் பந்தயத்தைப் பொறுத்தவரை இது தவறான அறிவுரை என்பது என் வாதம். சைக்கிள் பயிற்சியின் ஒரு குறுகிய சூழலில் மட்டும் செல்லுபடியாகும் விதியைப் பிடுங்கிவந்து, அது பொருந்தாத இடத்தில் நட்டிருக்கிறார்கள். அதோடு, ‘ஒரே மாதிரிக் காட்டுகிறது’ என்பதை யாரும் சோதித்துப் பார்க்காமலே நம்பும்படியும் செய்திருக்கிறார்கள்.

முதலில் இந்தக் கருவி எதை அளக்கிறது என்று பார்ப்போம். எந்தப் பவர் மீட்டரும் வாட்டை நேரடியாக அளப்பதில்லை. காலின் அழுத்தத்தில் உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளைகிறது. அதில் ஒட்டியிருக்கும் ஸ்ட்ரெயின் கேஜ் என்ற மெல்லிய பட்டையின் மின்தடை அதனால் மாறுகிறது. அந்த மாற்றத்தை முறுக்குவிசையாகக் கணக்கிட்டு, கிராங்க் சுழலும் வேகத்தால் பெருக்கினால் வருவதுதான் வாட். 1986-இல் ஜெர்மனியில் உல்ரிச் ஷோபெரர் தொடங்கிய எஸ்ஆர்எம் நிறுவனம், கிராங்கையும் பல்சக்கரத்தையும் இணைக்கும் ஸ்பைடர் பகுதியில் இதை அளந்தது. பவர்டேப் பின்சக்கர ஹப்பில் அளந்தது. 2012-இல் வந்த ஸ்டேஜஸ் இடது கிராங்க் கையில் மட்டும் அளந்து இரண்டால் பெருக்கியது. கார்மின் வெக்டரும் ஃபவேரோ அசியோமாவும் பெடலின் அச்சில் அளக்கின்றன. வீட்டில் பயிற்சிக்கு வைத்திருக்கும் ஸ்மார்ட் டிரெய்னர் செயினின் மறுமுனையில் அளக்கிறது. கால் கொடுக்கும் சக்தியில் இரண்டு முதல் நான்கு சதவீதம் செயினிலும் பற்களிலும் உராய்வாகக் கழிந்துவிடும். ஆகவே பெடல் 200 வாட் காட்டும்போது ஹப் 192 முதல் 196 வரை காட்டினால் இரண்டுமே சரியாக இருக்கலாம். ஆனால் ஹப் 204 காட்டினால் இரண்டில் ஒன்றாவது பொய் சொல்கிறது. செயின் தானாகச் சக்தியை உற்பத்தி செய்யாது. இது ஒன்றே ‘மீட்டர்கள் வேறுபடத்தான் செய்யும்’ என்ற பொத்தாம்பொதுவான பதிலை உடைக்கப் போதும். வேறுபாடுகளில் இயற்பியல் எதிர்பார்க்கும் வேறுபாடும் உண்டு, கருவியின் பிழையும் உண்டு. எந்தப் பக்கம் எவ்வளவு வேறுபடுகிறது என்று கேட்டால்தான் இரண்டையும் பிரிக்க முடியும். நிலவும் அறிவுரை அந்தக் கேள்வியையே கேட்கவிடுவதில்லை.

பிழை எவ்வளவு பெரியது என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. தாமஸ் மையரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், வீரர்கள் நிஜமாகவே பயன்படுத்திவந்த 54 பவர் மீட்டர்களை எடுத்துக்கொண்டார்கள். ஒன்பது நிறுவனங்களின் தயாரிப்புகள் அவை. ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடாமல், சாய்வான பெரிய டிரெட்மில்லில் சைக்கிளை ஓட்டவைத்து, எடை, சாய்வு, வேகம் ஆகியவற்றைக்கொண்டு உண்மையான வாட்டைக் கணக்கிட்டு, மீட்டர் காட்டியதை அதோடு ஒப்பிட்டார்கள். எல்லா மீட்டர்களின் சராசரி விலகல் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான். ஆனால் மீட்டருக்கு மீட்டர் இருந்த சிதறல், திட்ட விலக்கமாக 3.2 சதவீதம். ஆறு மீட்டர்கள் ஐந்து சதவீதத்துக்கு மேல் விலகின. பெட்டியின்மேல் ஒன்று அல்லது இரண்டு சதவீதத் துல்லியம் என்று அச்சிட்டு விற்கப்படும் கருவிகளின் நிலை இது. இதிலிருந்து இன்னொரு கணக்கும் போடலாம். இந்தச் சிதறல் உள்ள கூட்டத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு இரண்டு மீட்டர்களை எடுத்தால், அவை தமக்குள் வேறுபடும் அளவின் திட்ட விலக்கம் நாலரை சதவீதம். அதாவது ஏறத்தாழ மூன்று ஜோடிகளில் ஒன்று, நாலரை சதவீதத்துக்கு மேல் முரண்படும் என்று எதிர்பார்க்க வேண்டும்.

‘இருக்கட்டுமே, என்னிடம் ஒரே மீட்டர்தான் இருக்கிறது’ என்பார்கள். நிலவும் கருத்தின் வலுவான வாதம் இதுதான், நியாயமாகவே எடுத்துவைக்கிறேன். பந்தயத்துக்கான இலக்கு, எஃப்டிபி எனப்படும் ஒரு மணி நேர உச்ச வாட்டில் இத்தனை சதவீதம் என்றுதான் வகுக்கப்படுகிறது. முழு அயர்ன்மேனின் 180 கிலோமீட்டருக்கு எஃப்டிபியில் 70 முதல் 75 சதவீதம், பாதித் தூரத்துக்கு 80 முதல் 85 என்பது பரவலாகப் பின்பற்றப்படும் திட்டம். மீட்டர் ஐந்து சதவீதம் கூட்டிக் காட்டினால் எஃப்டிபியும் ஐந்து சதவீதம் கூடும், பந்தய வாட்டும் ஐந்து சதவீதம் கூடும், வகுத்தால் பிழை கழிந்துவிடும். கணக்கு சரி. ஆனால் அது சரியாவதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. எஃப்டிபியை அளந்த கருவியும் பந்தயத்தில் ஓடும் கருவியும் ஒன்றாக இருக்க வேண்டும். பிழை எப்போதும் சதவீதமாகவே இருக்க வேண்டும், இத்தனை வாட் என்ற நிலையான கூடுதலாக இருக்கக் கூடாது. எஃப்டிபியைக் கணிக்கும் இருபது நிமிடச் சோதனையில் இருந்த அதே பிழை, ஐந்தாவது மணி நேரத்தின் வெயிலிலும் மாறாமல் இருக்க வேண்டும். டிரையத்லான் வீரரின் வாழ்க்கையில் இந்த மூன்றும் சேர்ந்து நிறைவேறுவது அபூர்வம்.

முதல் நிபந்தனையை எடுத்துக்கொள்வோம். டிரையத்லான் வீரர் நீச்சல், சைக்கிள், ஓட்டம் என மூன்று விளையாட்டுகளுக்கு நேரம் ஒதுக்க வேண்டியவர். வேலைக்கும் குடும்பத்துக்கும் நடுவே வார நாட்களின் சைக்கிள் பயிற்சி பெரும்பாலும் வீட்டு ஸ்மார்ட் டிரெய்னரில்தான் நடக்கிறது. எஃப்டிபி சோதனையும் அங்கேயே நடக்கிறது, பாதுகாப்பானது என்பதால். வார இறுதியின் நீண்ட ஓட்டம் சாலை சைக்கிளில், பந்தயம், குனிந்து ஓட்ட உதவும் ஏரோபார் பொருத்திய டிரையத்லான் சைக்கிளில். மூன்றிலும் மூன்று கருவிகள். உண்மையான எஃப்டிபி 250 வாட் உள்ள ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய டிரெய்னர் நான்கு சதவீதம் கூட்டிக் காட்டி 260 என்கிறது. 72 சதவீதம் என்று திட்டமிட்டு 187 வாட் என்ற எண்ணைப் பந்தய சைக்கிளின் கைப்பிடியில் ஒட்டிக்கொள்கிறார். அந்த சைக்கிளின் மீட்டர் மூன்று சதவீதம் குறைத்துக் காட்டுவது. திரையில் 187 வருவதற்கு அவர் 193 வாட் மிதிக்க வேண்டும். உண்மையில் அவர் ஓட்டுவது எஃப்டிபியின் 77 சதவீதத்தில். இரண்டு கருவிகளும் நாள்தோறும் அச்சுப்பிசகாமல் ஒரே மாதிரிக் காட்டியவைதான். மாறாமல் இருந்தும் அவை அவரைக் காப்பாற்றவில்லை. முழுத் தூரத்துக்கும் பாதித் தூரத்துக்கும் இடைப்பட்ட ஒரு வேகத்தில், 42.2 கிலோமீட்டர் ஓட்டம் காத்திருக்கையில், அவரைக் கொண்டுபோய் நிறுத்தின.

ஐந்து சதவீதம் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த அலட்சியம்தான் மற்ற எல்லாவற்றுக்கும் வேர். சமதளத்தில் காற்றைக் கிழிக்கத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுகிறது. ஐந்து சதவீதம் கூடுதல் வாட் கொடுத்தால் வேகம் ஒன்றரை சதவீதத்துக்குச் சற்று மேலேதான் கூடும். ஐந்து மணி நேர சைக்கிள் ஓட்டத்தில் லாபம் ஐந்து நிமிடம். அதற்குக் கொடுக்கும் விலையைப் பாருங்கள். 200 வாட்டில் ஐந்து மணி நேரம் என்பது 3,600 கிலோஜூல் வேலை. அதில் ஐந்து சதவீதம் 180 கிலோஜூல். மனித உடலின் திறன் இருபது, இருபத்தைந்து சதவீதம்தான் என்பதால், ஒரு கிலோஜூல் வேலைக்கு ஏறக்குறைய ஒரு கிலோகலோரி எரிகிறது. தீவிரம் கூடும்போது உடல் கொழுப்பைவிட மாவுச்சத்தையே அதிகம் எரிக்கும் என்பதால், இந்தக் கூடுதல் பெரும்பாலும் கிளைகோஜன் கையிருப்பிலிருந்தே போகிறது. 180 கிலோகலோரி என்பது 45 கிராம் மாவுச்சத்து. மணிக்கு 60 முதல் 90 கிராம்வரைதான் பந்தயத்தில் வயிறு ஏற்கும் என்ற வழக்கமான கணக்கில், அரை மணி முதல் முக்கால் மணி நேர உணவு. அது ஓட்டத்தின் கடைசிப் பகுதிக்கு என்று இருந்த எரிபொருள். கிலோமீட்டருக்கு ஆறு நிமிடத்தில் ஓடவேண்டியவர் பத்து நிமிடத்தில் நடக்க ஆரம்பித்தால், பத்து கிலோமீட்டரில் 40 நிமிடம் போய்விடும். பிழை எதிர்ப்பக்கம் இருந்தால் இழப்பு சைக்கிளில் ஐந்தாறு நிமிடத்தோடு நிற்கும். மிகையாக மிதித்ததற்கான தண்டனை அப்படி நிற்பதில்லை. வெறும் சைக்கிள் பந்தயத்தில் ஓட்டி முடித்ததும் எல்லாம் முடிந்தது. டிரையத்லானில் சைக்கிளில் செய்த பிழையின் கணக்கு ஓட்டத்தில்தான் வசூலாகிறது. சைக்கிள் உலகின் அறிவுரையை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்று சொல்வது இதனால்தான்.

அடுத்து, ஒரே மீட்டரை எல்லாவற்றுக்கும் பயன்படுத்துபவரின் நிலை. அவரிடம் தவறுவது மூன்றாவது நிபந்தனை. இடது காலை மட்டும் அளந்து இரட்டிப்பாக்கும் மீட்டர்கள் விலை குறைவு என்பதால் பரவலாக இருக்கின்றன. இரு கால்களும் சரிசமமாக மிதிப்பவர்கள் குறைவு. அந்த ஏற்றத்தாழ்வும் தீவிரத்தைப் பொறுத்தும் களைப்பைப் பொறுத்தும் மாறக்கூடியது. சோதனையின்போது இடது கால் 51 சதவீதம் கொடுத்தால், 250 வாட் உள்ளவருக்கு மீட்டர் 255 என்று காட்டும். அதில் 72 சதவீதம் 184 வாட். பந்தயத்தின் நான்காவது மணி நேரத்தில் இடுப்பு இறுகி இடது காலின் பங்கு 49-க்கு இறங்கினால், திரையில் 184 தெரிய உண்மையில் 187-க்கு மேல் மிதிக்க வேண்டும். அது 75 சதவீதம். மீட்டரின் உலோகத்திலோ மின்னணுவிலோ ஒரு குறையும் இல்லை. அது அளக்காத காலைப் பற்றி ஊகித்தது, ஊகம் மாறிவிட்டது, அவ்வளவுதான். ‘ஒரே மாதிரி’ என்ற வாக்குறுதியைக் கருவி காப்பாற்றியது, உடல் காப்பாற்றவில்லை. டிரையத்லானில் நீச்சலுக்குப் பிறகு, ஏரோ நிலையில் குனிந்தபடி, மணிக்கணக்கில் மிதிக்கும் உடல், சோதனை நாளின் புத்துணர்ச்சியான உடல் அல்ல.

பிழை சதவீதமாகவே இருக்கும் என்ற இரண்டாவது நிபந்தனை வெப்பத்தின் முன்னால் தடுமாறுகிறது. ஹவாயின் கோனாவில் நடக்கும் உலக சாம்பியன்ஷிப்பில் சைக்கிளை முந்தின நாளே கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும். விடியலின் குளிர்ச்சியில் வீரர் மீட்டரை ஜீரோ செய்கிறார். அதாவது பெடலில் எந்த விசையும் இல்லாதபோது இதுதான் பூஜ்யம் என்று கருவிக்குச் சொல்கிறார். பிறகு நீந்தப் போகிறார். எரிமலைக் கற்களுக்கு நடுவே ஓடும் குயின் கே நெடுஞ்சாலையில் நண்பகல் வெயில் ஏறும்போது உலோகத்தின் வெப்பம் காலையில் இருந்ததுபோல் இல்லை. வெப்பத்தை ஈடுசெய்யும் வசதி இன்றைய மீட்டர்களில் உண்டு. எல்லாவற்றிலும் ஒரே தரத்தில் இல்லை. பூஜ்யம் ஒரே ஒரு நியூட்டன் மீட்டர் நகர்ந்தாலும் என்ன ஆகும் என்று பார்க்கலாம். நிமிடத்துக்கு 90 சுற்றில் 200 வாட் என்பது 21 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. ஒரு நியூட்டன் மீட்டர் பிழை அங்கே 9 வாட்டுக்கு மேல், ஏறக்குறைய ஐந்து சதவீதம். அதே பிழை 250 வாட் சோதனையில் நான்கு சதவீதத்துக்கும் குறைவு. வகுத்தால் கழிந்துவிடும் என்ற கணக்கு இங்கே கழிவதில்லை, ஏனென்றால் இது பெருக்கல் பிழை அல்ல, கூட்டல் பிழை. கோனாவுக்குப் போகிறவர்கள் சிலர்தான். ஆனால் 2019-இல் தொடங்கிய கோவா 70.3 என்ற பாதித் தூரப் பந்தயத்தில் ஓட்டும் நம் ஊர்க்காரர்களுக்கும் விடியலும் வெயிலும் இதே கணக்கைத்தான் வைக்கின்றன. ஏரோபாரில் குனிந்து இடைவிடாமல் மிதிப்பவர் வழியில் மீண்டும் ஜீரோ செய்ய நினைப்பதும் அபூர்வம்.

மீட்டரை அமைப்பதில் நாம் செய்யும் தவறுகள் வேறு. அண்மை ஆண்டுகளில் டிரையத்லான் வீரர்கள் குட்டையான கிராங்குக்கு மாறிவருகிறார்கள். குனிந்த நிலையில் இடுப்பு மடங்குவது எளிதாகிறது என்பது காரணம். பெடல் மீட்டர் விசையைத்தான் அளக்கிறது, கிராங்கின் நீளத்தை நாம்தான் சொல்ல வேண்டும். 172.5 மில்லிமீட்டர் என்று பதிந்திருப்பதை மாற்றாமல் 165 கிராங்கில் ஓட்டினால் 4.5 சதவீதம் கூடுதலாகக் காட்டும். பெடலைக் கழற்றி இரண்டு சைக்கிள்களுக்கும் மாற்றி மாற்றிப் போடுபவருக்கு இது ஒவ்வொரு வாரமும் நேரக்கூடியது. வட்டமில்லாத பல்சக்கரங்கள் போட்டிருந்தால் இன்னொரு சிக்கல்: ஒரு சுற்றுக்குள் கிராங்கின் வேகம் சீராக இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு கணக்கிடும் மீட்டர், அங்கே கூட்டிக் காட்டும். இதன் விளைவு உலகறிய விவாதிக்கப்பட்ட தருணம் ஒன்று உண்டு. 2015 டூர் டி பிரான்ஸில் லா பியர் செயின்ட் மார்டின் ஏற்றத்தில் கிறிஸ் ஃப்ரூம் எல்லோரையும் பின்தள்ளியபோது ஊக்கமருந்துச் சந்தேகம் கிளம்பியது. ஸ்கை அணியின் டிம் கெரிசன் மீட்டர் பதிவை வெளியிட்டார்: சராசரி 414 வாட். ஆனால் ஃப்ரூமின் ஆஸ்சிமெட்ரிக் பல்சக்கரத்தால் மீட்டர் சுமார் ஆறு சதவீதம் கூட்டிக் காட்டுகிறது, அதைக் கழித்தால் ஒரு கிலோ எடைக்கு 5.78 வாட் என்றார். கழிக்காவிட்டால் அது ஆறைத் தாண்டுகிறது. ஒரு வீரரின் நேர்மையைப் பற்றிய விவாதமே அந்த ஆறு சதவீதத்தில் தொங்கியது. ‘எங்கள் மீட்டர் எப்போதும் ஒரே மாதிரித்தான் காட்டும்’ என்று அந்த அணி பதில் சொல்லித் தப்பித்திருக்க முடியுமா?

வாட்டை நம்பாமல் உடலை நம்பு என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். மீட்டர் பொய் சொன்னாலும் உடல் உண்மை சொல்லும், இதயத் துடிப்பு காட்டிக்கொடுத்துவிடும் என்பார்கள். உடலின் குரலை மதிக்கவேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பவர் மீட்டர் டிரையத்லானுக்குள் வந்ததே, பந்தயத்தின் முதல் மணி நேரத்தில் உடல் தவறான செய்தி தருகிறது என்பதால்தான். இரண்டு வாரம் ஓய்வெடுத்த கால்கள், பந்தயப் பரபரப்பு, நீச்சலிலிருந்து எழும்பிய இதயத் துடிப்பு எல்லாம் சேர்ந்து 200 வாட்டை 170 போல உணரவைக்கும். வெயிலில் அதே வாட்டுக்கு இதயத் துடிப்பு மணிக்கு மணி ஏறும். இந்த இரண்டுக்கும் எதிரான சாட்சியாகத்தான் நாம் மீட்டரை வாங்கினோம். அந்தச் சாட்சி தடுமாறும்போது மறுபடி உணர்வையே நம்பு என்றால், பல்லாயிரம் ரூபாய் கொடுத்து ஏன் வாங்க வேண்டும்?

மையர் ஆய்வையே எனக்கு எதிராகவும் காட்டலாம். அதே ஆய்வில் மீட்டர்களின் திரும்பத் திரும்ப ஒத்துவரும் தன்மை நன்றாக இருந்தது. மாறுபாட்டுக் கெழு சராசரியாக 1.2 சதவீதம்தான். அளவு தவறினாலும் மாறாமல் தவறுகிறது என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும் என்று கேட்பது நியாயமே. அதே ஆய்வில் இடது கிராங்கை மட்டும் அளக்கும் ஸ்டேஜஸ், எஸ்ஆர்எம்மையும் பவர்டேப்பையும் விடக் குறிப்பிடத்தக்க அளவு அதிகம் மாறுபட்டது என்பதை முதலில் நினைவூட்ட வேண்டும். அது ஆய்வகத்தின் நிலையான சூழல் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஜனவரியில் சோதித்த மீட்டர் அக்டோபரில் பந்தயத்துக்குப் போவதற்குள் பேட்டரி மாறுகிறது, பெடலைக் கழற்றி விமானத்தில் ஏற்றி வேறு இறுக்கத்தில் பொருத்துகிறோம், மழையில் நனைகிறது, கீழே விழுகிறது, மென்பொருள் புதுப்பிக்கப்படுகிறது. இவற்றுக்குப் பிறகும் மாறவில்லை என்று எதை வைத்துச் சொல்கிறோம்? எஃப்டிபி 250-இலிருந்து 262 ஆனால் அது வீரரின் உழைப்பா, மீட்டரின் நகர்வா? மீட்டர் சொன்னதை மீட்டரை வைத்தே சரிபார்க்க முடியாது. வெளியிலிருந்து மாறாத ஓர் அளவு வேண்டும். எடை மெஷின் உதாரணம் உடைவதும் இந்த இடத்தில்தான். அது எப்போதும் இரண்டு கிலோ கூட்டித்தான் காட்டுகிறது என்று நமக்குத் தெரிந்ததே, வேறொரு சரியான எடையோடு ஒருமுறை அல்ல, பலமுறை ஒப்பிட்டதால்தான். அந்த ஒப்பீட்டைச் செய்தவருக்கு இரண்டு கிலோ என்ற பிழையும் தெரிந்துவிட்டது, கழித்துக்கொள்வதுதானே பாக்கி? மாறாத தன்மையை நிரூபிக்கும் சோதனையும் சரியான அளவைக் கண்டுபிடிக்கும் சோதனையும் ஒன்றுதான். ஒன்று போதும், மற்றது வேண்டாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அந்தச் சோதனை கடினமும் அல்ல, செலவும் அல்ல. முறுக்குவிசை என்பது விசையைக் கிராங்கின் நீளத்தால் பெருக்குவது. துல்லியமான தராசில் நிறுத்த 20 கிலோ எடையைப் பெடல் அச்சிலிருந்து தொங்கவிட்டு, பின்பிரேக்கைப் பிடித்துக் கிராங்கைக் கிடைமட்டமாக நிறுத்தினால், 170 மில்லிமீட்டர் கிராங்கில் மீட்டர் 33.4 நியூட்டன் மீட்டர் காட்ட வேண்டும். 32 காட்டினால் அந்த மீட்டர் நான்கு சதவீதம் குறைத்துச் சொல்கிறது. எஸ்ஆர்எம் பயன்படுத்துபவர்கள் இந்த முறையில் பல ஆண்டுகளாக மீட்டரின் சரிவு எண் எனப்படும் அளவீட்டு விகிதத்தைத் திருத்தி வருகிறார்கள். ஃபவேரோவின் செயலியில் அளவைத் திருத்தும் வசதி உண்டு. திருத்த வசதி இல்லாத மீட்டரானாலும் பிழை எவ்வளவு என்று தெரிந்தால், கைப்பிடியில் ஒட்டும் எண்ணை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். ஒரு மீட்டரை இப்படி உறுதிசெய்துவிட்டால், அதே சைக்கிளை ஸ்மார்ட் டிரெய்னரில் மாட்டி, இரண்டையும் ஒரே நேரத்தில் பதிவுசெய்து, செயின் இழப்பைக் கழித்துப் பார்த்தால் டிரெய்னரின் பிழையும் தெரிந்துவிடும். நின்ற நிலையில் செய்யும் சோதனை சுழலும்போது நேரும் பிழைகளைக் காட்டாது, வட்டமில்லாத பல்சக்கரத்தின் பிழையையும் காட்டாது, உண்மைதான். இருந்தும் பெரிய பிழைகளில் பெரும்பகுதியை அது பிடித்துவிடும். மாதம் ஒருமுறை செய்தால் நகர்வையும் பிடித்துவிடும்.

இதற்கெல்லாம் அவசியமில்லை என்று இந்த விளையாட்டே கருதவில்லை என்பதற்கு அதன் உள்ளிருந்தே சான்று உண்டு. 2020-இல் ரோட்டர்டாமில் தொடங்கிய அரீனா கேம்ஸ் டிரையத்லானில், நீச்சல் குளத்தில், சைக்கிள் ஸ்மார்ட் டிரெய்னரில், ஓட்டம் டிரெட்மில்லில். டிரெய்னர் காட்டும் வாட்தான் திரையில் வீரரின் இடத்தைத் தீர்மானிக்கிறது. 2022-இல் உலக டிரையத்லான் அமைப்பு அதற்கு உலக சாம்பியன் பட்டமே கொடுத்தது. சைக்கிளில், அதே 2020-இல் யுசிஐ நடத்திய முதல் மின்விளையாட்டு உலக சாம்பியன்ஷிப்பில் எல்லோருக்கும் ஒரே மாடல் டிரெய்னரை அனுப்பிவைத்தார்கள். அவரவர் மீட்டர் அவரவருக்கு ஒரே மாதிரிக் காட்டினால் போதும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் எண்ணின் தவறு உடனே மேடையில் தெரிந்துவிடும். சாலைப் பந்தயத்தில் அதே தவறு மராத்தானின் முப்பதாவது கிலோமீட்டரில், நடந்து போகும் ஒருவரின் கால்களில் தெரிகிறது. அதை நாம் பயிற்சிக் குறைவு என்றோ சாப்பாட்டுத் திட்டத்தின் கோளாறு என்றோ எழுதி வைத்துவிடுகிறோம்.

நிலவும் அறிவுரை சரியாகும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரே சைக்கிள், ஒரே மீட்டர், ஒரே அறை, ஒரே வெப்பநிலை, இந்த வாரத்தின் இடைவெளிப் பயிற்சியைச் சென்ற வாரத்தோடு ஒப்பிடுவது என்றால், மாறாத பிழை ஒரு பிழையே அல்ல. குறுகிய கால ஒப்பீட்டுக்கு அது போதும். பந்தயத் திட்டம் குறுகிய கால ஒப்பீடு அல்ல. பல மாதங்களுக்கு முன் வேறொரு கருவியில், வேறொரு வெப்பத்தில், வேறொரு நிலையில் அளந்த எண்ணை நம்பி ஐந்து மணி நேரம் மிதிப்பது அது. உற்பத்தியாளர்கள் விற்கும் ஒவ்வொரு மீட்டரோடும், அந்தக் குறிப்பிட்ட மீட்டரை நிறுத்திச் சோதித்த அளவுகளைத் தாளில் தர வேண்டும். திருத்தும் வசதியைப் பயனருக்குத் திறந்துவிட வேண்டும். வாங்குபவர்கள் கேட்காதவரை அவர்கள் தரமாட்டார்கள், ‘ஒரே மாதிரி இருந்தால் போதும்’ என்று நாமே சொல்லிக்கொண்டிருக்கும்வரை கேட்கவும் மாட்டோம். பயிற்சியாளர்களிடம் என் வேண்டுகோள் இது: உங்கள் வீரரின் அடுத்த பந்தயத்துக்கு இலக்கு வாட்டை எழுதிக் கொடுப்பதற்கு முன், எஃப்டிபியை எந்தக் கருவியில் அளந்தார், பந்தயத்தில் எந்தக் கருவியில் ஓட்டப்போகிறார், இரண்டையும் எடை தொங்கவிட்டோ சேர்த்து ஓட்டியோ எப்போது சோதித்தார் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் எண்ணை எழுதிக் கொடுக்காதீர்கள்.